கொப்பரைக் கோயிலின் மத்தியானத் தூக்கம்

கொப்பரை வாசனை.

கிள்ளான் சந்தையில், ஒரு சனிக்கிழமை காலை, எண்ணெய்க் கடையைத் தாண்டும்போது யாரோ சாக்கை அவிழ்த்துக் கொட்டினார்கள். அவ்வளவுதான். கையிலிருந்த கீரைக்கட்டு எங்கே போனதென்று தெரியவில்லை. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புகை, கொஞ்சம் எண்ணெய்ச் சிக்கு. கண்ணை மூடினேன். முதுகுக்குக் கீழே சிமெண்டுத் தரை குளிர்ந்தது. தலைக்கு மேலே தகரக் கூரை வெயிலில் டக், டக் என்று விரிந்துகொண்டிருந்தது. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குறட்டை எழும்பி, நின்று, மறுபடி எழும்பியது.

“அக்கா, வாங்குறீங்களா, சும்மா நிக்கிறீங்களா?” என்றான் கடைக்காரப் பையன்.

சும்மா நிற்பதா? நானா? எனக்குச் சும்மா நிற்கத் தெரியாது. உட்காரவும் தெரியாது. உலை கொதிக்கும்போது துணி மடிப்பேன், துணி மடிக்கும்போது வானொலியைத் திருகுவேன், ஜெபிக்கும்போதுகூடக் கால் பெருவிரல் தரையில் எதையோ எழுதிக்கொண்டிருக்கும். என்னைப் போன்ற ஒருத்திக்குத்தான் அந்தக் கோயில் கிடைத்தது.

எங்கள் கோயில் முதலில் கொப்பரைக் கொட்டகையாக இருந்தது. கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் போகிற சாலையில், தோட்டத்தின் விளிம்பில். தென்னையை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு கொட்டகைக்கு வேலையில்லாமல் போயிற்று. மானேஜர் அதை வேதக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தார். பலகைச் சுவருக்கு வெள்ளையடித்தோம், வாசலுக்கு மேலே சிலுவை வைத்தோம், பெஞ்சு போட்டோம். வாசனையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. வெயில் ஏறினால் பலகை வியர்க்கும். பிரசங்கம் பாதியில் இருக்கும்போது எண்ணெய் வாசனை மெல்ல இறங்கி எல்லோர் தலையிலும் உட்காரும். கொப்பரைக் கோயில் என்றுதான் ஊரே சொன்னது. நாங்களும் அப்படியே சொன்னோம்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஆராதனை முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போக மாட்டோம். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, வட்டமாக உட்கார்ந்து, தூக்குச்சட்டிகளைத் திறந்து சாப்பிடுவோம். பிறகு பாயை விரித்துப் படுத்துவிடுவோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவே. கோயிலுக்குள்ளேயே. பலிபீடத்துக்குக் கால் நீட்டக்கூடாது என்பது ஒன்றுதான் சட்டம்.

இது பக்தியால் வந்ததில்லை, பஸ்ஸால் வந்தது. சுங்கை செம்பிலாங்கிலிருந்தும் பாசிர் பெனம்பாங்கிலிருந்தும், சுற்றியிருந்த தோட்டங்களின் வரிசை வீடுகளான லயங்களிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். காலை பஸ் கொண்டுவந்து விடும். திரும்பிப் போகிற பஸ் சாயங்காலம்தான். அந்த நேரத்தை என்ன செய்வது? ஆரம்பத்தில் பேசிப் பார்த்தார்களாம், சண்டை வந்ததாம். வேதப்பாடம் வைத்துப் பார்த்தார்களாம், தூக்கம் வந்ததாம். “சண்டையவிட இது தேவல” என்று உபதேசியார் பாயை விரித்திருக்கிறார். போதகர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் எங்களுக்கு எல்லாம். வாரநாளில் தோட்டத்து ஸ்டோரில் சாமான் அளந்து போடுகிறவர்.

லயத்தில் கிண்டலுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஒவ்வொரு ஞாயிறும் நான் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கும்போது வாசலில் நிற்பாள்.

“எங்க சாமிக்குத் தூக்கம் வந்தா நாங்க தாலாட்டுவோம். உங்க சாமி உங்களத் தூங்கவச்சிருதா?”

“ஆமாக்கா. வாரத்துக்கு ஒருதடவ.”

“குடுத்துவச்சவங்கலா நீங்க” என்பாள். கிண்டலாகத்தான் ஆரம்பிப்பாள். முடிக்கும்போது குரலில் கிண்டல் இருக்காது. அவளுக்கு ஏழு நாளும் ஒரே நாள்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு மழைக்காலம்கூட முழுதாகப் போகவில்லை. அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். லோரி ஒரு சீனத் தவுக்கேயுடையது. காண்டிராக்ட் எடுத்து ஆலைக்குப் பழம் அனுப்புகிற முதலாளி. விடிவதற்கு முன்னால் இவர் இறங்கிப் போவார். திரும்பி வரும்போது சட்டையில் செம்மண்ணும் எண்ணெயும், உள்ளங்கையில் முள்ளும் இருக்கும். சாப்பிடும்போதே கண் சொருகும். நான் அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தால் சோற்றில் கை வைத்தபடி தூங்கியிருப்பார்.

அவர் அந்தக் கோயிலில் வளர்ந்தவர்தான். கட்டைக் குரல். கீர்த்தனையில் மற்ற ஆண்களெல்லாம் நிறுத்தின பிறகும் அந்தக் குரல் தரையில் கொஞ்ச நேரம் நிற்கும். பாசிர் பெனம்பாங்கில் மீன் பிரிக்கிற வேலை செய்த ஒரு அக்கா இருந்தாள், எங்களோடு ஆராதனைக்கு வருவாள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் விரலில் கொஞ்சம் கடல் மிச்சமிருக்கும். அவள்தான் சொல்வாள், “உன் ஊட்டுக்காரரு பாடினா பின்னால லோரி வர்ற மாதிரியே இருக்கும், நான் ஒதுங்கி நின்னுக்குவேன்” என்று. லோரி கைக்கு வந்த நாளிலிருந்து அந்தக் குரல் கோயிலுக்கு வரவில்லை. எங்கள் கல்யாணத்தன்று வந்தது. அன்றைக்கும் மறுநாள் லோடு இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரே பேச்சுதான்.

“நாளைக்கு வர்றீங்களா?”

“பழம் பொங்குற மாசம் புள்ள. மில்லு ஞாயிறு தெரியாம ஓடுது.”

“மில்லுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்ல?”

“தவுக்கேகிட்ட நீயே வந்து சொல்லு.”

“சொல்றேன். அவருக்குத் தமிழ் தெரியுமா?”

“திட்டுறதுக்கு மட்டும் தெரியும்.”

சிரிப்போம். சிரித்து முடிந்ததும், “அடுத்த ஞாயிறு கண்டிப்பா” என்பார். பொய் சொல்கிற மனிதரில்லை. சொல்லும்போது அவரே நம்பித்தான் சொல்வார்.

நானும் நம்புவேன். ஞாயிறு என்பது மிச்சத்தில் கிடைக்காது என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. சனிக்கிழமையே அதற்கு இடம் எடுத்து வைக்க வேண்டும். துணியைச் சனிக்கிழமை துவைத்தேன். தண்ணீரைச் சனிக்கிழமை நிறைத்தேன். புளிச்சோறு கிளறி, நெத்திலிச் சம்பல் வதக்கி, இரண்டு ஆளுக்குத் தூக்குச்சட்டியில் அடைத்தேன். ஒவ்வொரு வாரமும் இரண்டு ஆளுக்கு. அவர் பங்கை மீன்காரக்கா சாப்பிட்டாள். “நீ பாட்டுக்கு ஜெபம் பண்ணு. ஆனா உன் புருஷன் வராத வரைக்கும் எனக்கு விருந்துதான்லா” என்று விரலை நக்குவாள்.

எனக்கு வேண்டியிருந்தது பெரிய காரியமில்லை. பக்கத்தில் உட்காரக்கூட வேண்டாம். எங்கள் கோயிலில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. நடுவே ஒரு நடைபாதை. அந்தப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் வர வேண்டும். பாட்டு முடிந்ததும் தரையில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். பிறகு எல்லோரும் படுத்திருக்கும்போது, எந்தக் குறட்டை அவருடையது என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு முழு ஞாயிறு. அவ்வளவுதான் கேட்டேன், ஆண்டவரிடமும் அவரிடமும்.

அந்த ஞாயிறும் அவர் வரவில்லை. அதாவது, ஆராதனைக்கு வரவில்லை.

உபதேசியார் வாசித்தார், நாங்கள் பாடினோம். ஆண்கள் பக்கம் அடியில் எதுவும் இல்லாமல் பாட்டு அந்தரத்தில் தொங்கியது. சாப்பிட்டோம். பாயை விரித்தோம். காற்று இல்லாத மத்தியானம். வாசனை இறங்கியது. ஒவ்வொருவராக அடங்கினார்கள். கடைசியில் பிள்ளைகளும் அடங்கினார்கள். அது எப்போதும் எனக்கு ஆச்சரியம். வாரம் முழுக்கக் குனிந்த முதுகுகள், சுமந்த தோள்கள், மீனும் பழமும் புல்லும் அறுத்த கைகள், எல்லாம் ஒரே தரையில் நிமிர்ந்து கிடக்கும். யாரும் யாருக்கும் எதுவும் செய்துகொண்டிருக்க மாட்டார்கள். நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருப்பேன். எல்லோருடைய மூச்சையும் கேட்டுக்கொண்டு.

அப்போதுதான் சாலையில் லோரிச் சத்தம் கேட்டது. தாண்டிப் போகவில்லை, நின்றது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். வாசலில் வெளிச்சத்துக்கு முன்னால் அவர். சிலிப்பரைக் கழற்றினார். ஒன்று கவிழ்ந்து விழுந்தது, நிமிர்த்தக்கூட இல்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உள்ளே வந்து, படுத்திருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். ஏதோ தப்பான வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி. உபதேசியார் கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் படுத்து, தன் பாயின் பக்கத்து இடத்தைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

“கொஞ்ச நேரம்தான் ஐயா. மில்லுல கியூ நீளமா இருக்கு” என்றார் இவர், கிசுகிசுப்பாக. அந்தக் குரலுக்குக் கிசுகிசுக்க வராது. பாதிப் பேர் புரண்டார்கள்.

படுத்தார். படுத்ததும் இல்லை, விழுந்தார். முதல் நாள் இரவு அவர் வீட்டுக்கு வரவில்லை; காலையிலிருந்து லோரியை விட்டே இறங்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குறட்டை வந்தது, அது எங்கள் வீட்டுக் குறட்டை. கண்டுபிடிக்கவே வேண்டியிருக்கவில்லை.

வெளியே, வேலியோரம், மரநிழல்கூட இல்லாத இடத்தில் லோரி நின்றது. தட்டு நிறையக் குலை. செம்பனைப் பழம் காத்திருக்காது. வெட்டிப் போட்ட கணத்திலிருந்து உள்ளே புளிக்க ஆரம்பிக்கும். சீக்கிரம் ஆலைக்குப் போய் வெந்தாக வேண்டும். போகாவிட்டால் தரம் குறையும், தவுக்கே சாவியைக் கேட்பார். லோரிக்காரன் பெண்டாட்டிக்கு இதெல்லாம் தெரியும். கொஞ்ச நேரத்தில் எழுப்பிவிடலாம் என்று எழுந்து உட்கார்ந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. உள்ளங்கை மேலே பார்த்துக் கிடந்தது, முள் குத்தின கறுப்புப் புள்ளிகளோடு. வீட்டில்கூட அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. வீட்டில் தூங்கும்போது கை மூடியிருக்கும், ஸ்டீயரிங்கைப் பிடித்த மாதிரி.

நான் உட்கார்ந்தே இருந்தேன்.

எவ்வளவு நேரமோ. வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தோட்டத்துக் கிராணி. பழம் ஆலைக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டியது அவர் வேலை. வாசலில் மீன்காரக்கா படியில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து கதவருகே போனேன்.

“அக்கா, லோரி இங்க நிக்குது. ஆளு எங்க?”

“உள்ள இருக்காரு சார்.”

“உள்ள என்ன பண்றாரு?”

“ஆராதனை.”

கிராணி காதைத் தீட்டினார். “ஆராதனையா? கொறட்ட சத்தம்லா கேக்குது!”

“எங்க சபையில அது ரெண்டாவது பாகம்” என்றாள் அக்கா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

கிராணி சிரித்துவிட்டார். சிரித்ததற்காகக் கோபப்பட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “நீங்கதானே சம்சாரம்? எழுப்புங்கம்மா. இப்பக் கெளம்புனாக்கூட ஆலைக் கேட்டு சாத்துறதுக்குள்ள போயிறலாம். இல்லேன்னா நாளைக்குப் பழம் புளிச்சிரும். தவுக்கே சாவியப் புடுங்கிருவாரு. வேற ஆளு வரிசையில நிக்கிறான்.”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சுமா இப்படி நிக்கிறீங்க?”

“தெரிஞ்சுதான் நிக்கிறேன்.”

எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கை கதவை விடவில்லை.

உபதேசியார் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார். சண்டைக்கு வந்த மாதிரி இல்லை. “தம்பி, பசியாறிட்டியா?” என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, “நம்ம ஆண்டவரும் படகுல தூங்குனவருதான். படகு முழுகப்போகுதுன்னு எழுப்புனாங்க. தப்புன்னு சொல்லல. நீ எழுப்பணும்னா போய் எழுப்பு, நான் குறுக்க நிக்கமாட்டேன். சப்பாத்த மட்டும் கழட்டிட்டுப் போ.”

கிராணி உள்ளே போனார். அவருடைய தோல் சப்பாத்து எங்கள் படியில் கிடந்தது, பளபளவென்று. பாய்களுக்கு நடுவே கால் வைக்க இடம் தேடி, தேடி, என் வீட்டுக்காரர் தலைமாட்டில் போய் நின்றார். குனிந்தார். கை நீண்டது. அந்தக் கை பாதியிலேயே நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நிமிர்ந்து, வந்த வழியே கால் தேடிக்கொண்டு திரும்பி வந்தார்.

“என்ன சார்?” என்றாள் அக்கா.

“என்னமோ வாசன இங்க. இன்னும் கொஞ்ச நேரம் நின்னா நானும் படுத்துருவேன்” என்றார். சப்பாத்தை மாட்டினார். “நான் வந்தேன், சொன்னேன். அவ்வளவுதான். தவுக்கே கேட்டா மறைக்க மாட்டேன்லா.”

“மறைக்க வேணாம் சார்” என்றேன்.

மோட்டார் போயிற்று. திரும்பிப் பார்த்தேன். யாருமே தூங்கவில்லை. இவரைத் தவிர எல்லோரும் கண் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு சாயங்கால பஸ் வந்தது. அதுதான் எங்கள் மணி. ஹாரன் கேட்டதும் பாய் சுருட்டுகிற சத்தமும் தூக்குச்சட்டிச் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் ஒன்றாக எழும்பும். அன்றைக்கு ஹாரன் அடித்தது. ஒருவரும் அசையவில்லை. எழுந்தால் பெஞ்சுகளைத் திரும்ப இழுத்துப் போட வேண்டும், அந்தச் சத்தத்தில் அவர் விழித்துக்கொள்வார். யாரும் யாரிடமும் பேசிவைக்கவில்லை. மறுபடி ஹாரன். ஒரு பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. அதன் அம்மா வாயைப் பொத்திப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். உபதேசியார் வாசலுக்குப் போய், பஸ்ஸைப் போகச் சொல்லிக் கையாட்டினார். கண்டக்டர் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, “கோயிலுக்குள்ள ஒரு ஆளுகூட உயிரோட இல்லியா?” என்று கத்தினான்.

பஸ் போயிற்று. சபை முழுதும் தூங்குவது போல் நடித்துக்கொண்டு கிடந்தது. சுங்கை செம்பிலாங் வரை போக வேண்டியவர்கள் எப்படிப் போவார்கள் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு நிறுத்திவிட்டேன். என் பாயில் மல்லாந்து படுத்தேன். கூரையைப் பார்த்தேன். என் கால் பெருவிரல் சும்மா இருந்தது. அதைக் கவனித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

மேற்குச் சன்னல் வழியாக வெயில் நீண்டு வந்து அவர் கண்ணைத் தொட்டது. எழுந்தார். சுற்றிலும் பார்த்தார். அத்தனை பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். லோரி ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் ஒரு கணம் சுருங்கியது. வெளியே எட்டிப் பார்த்தார். நிழல் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறந்து கேட்டது வேறு.

“பாட்டு முடிஞ்சிருச்சா?”

“இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு தம்பி” என்றார் உபதேசியார்.

பாயிலேயே உட்கார்ந்து பாடினோம். தூங்கி எழுந்த குரல்கள், முதலில் கரகரத்தன. இரண்டாவது அடியில் அவர் சேர்ந்தார். பாட்டுக்கு அடியில் தரை வந்தது. நான் பாடவில்லை. கேட்டேன்.

போகும்போது மீன்காரக்காதான் லோரியைச் சுற்றி வந்து பார்த்தாள். “எங்களையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போலாமேன்னு பாத்தா, முள்ளுக் குலைக்கு மேல எங்க உக்கார்றது?” என்றாள். நடந்தும், சைக்கிளிலும், வழியில் வந்த மீன் வேனைக் கைகாட்டி நிறுத்தியும் போய்ச் சேர்ந்தார்கள். ஒருவரும் எங்களை ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த வாரமும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், “எதுக்கு அங்க வந்தீங்க? ஆராதனை முடிஞ்சிருக்கும்னு தெரியுமே.”

“ரோட்டுல கண்ணு சொருகுச்சு. எங்கயாச்சும் நிறுத்தணும்னு தோணுச்சு. நீ இருக்கிற எடத்துல நிறுத்துனேன்.” சட்டையைக் கழற்றியபடி, “கிராணி வந்தாராமே. ஏன் எழுப்பல?”

“கை தெறந்து கெடந்துச்சு” என்றேன். வேறு காரணம் என்னிடம் இல்லை. அவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் பழம் புளித்துவிட்டது. தவுக்கே சாவியை வாங்கிக்கொண்டார். அவர் கத்தவில்லை. தமிழில் திட்டவும் இல்லை. அவரும் ஆலைக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் அவரைக் குறை சொல்ல வரவில்லை. என்னையும் குறை சொல்லிக்கொள்ளவில்லை. இன்றைக்கு அதே வாசலில் நிறுத்தி, அதே முகத்தைக் காட்டி, அதே கேள்வியைக் கேட்டாலும் நான் எழுப்ப மாட்டேன்.

அதற்குப் பிறகு வந்த மழைக்காலம்தான் நாங்கள் வாழ்ந்த காலம். நிலையான வேலை இல்லை. பாசிர் பெனம்பாங்கில் மீன் கூடை இறக்கினார், தஞ்சோங் காராங் பக்கம் நெல் மூட்டை ஏற்றினார், சில நாள் ஒன்றும் கிடைக்காமல் வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோறு மெலிந்தது. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் இரண்டு பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு லயத்திலிருந்து இறங்கினோம். பக்கத்து வீட்டு அக்கா, “அடடே, ஜோடியால்ல தூங்கப் போறாங்க!” என்பாள். ஆண்கள் பக்கத்தில் சன்னலோரம் அவர் இடமாயிற்று. மீன்காரக்காவுக்கு விருந்து நின்றுபோயிற்று. தகரத்தில் மழை கொட்டும்போது உபதேசியாரின் வாசிப்பு ஒன்றுமே கேட்காது. அந்தக் கட்டைக் குரல் மட்டும் மழைக்கு அடியால் நுழைந்து வரும். ஒரு முழு ஞாயிறு கேட்டிருந்தேன். மழைக்காலம் முழுக்கக் கிடைத்தது.

பிறகு பழைய கூட்டாளி ஒருவர் சொல்லி அனுப்பினார். பாசிர் கூடாங் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி, நல்ல வேலை, இப்போதே வர வேண்டும் என்று. போனார். வீடு பார்த்துவிட்டு என்னை அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

மிச்சத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசியில் அதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வீடு பார்ப்பதற்கு முன்னால், மூவார் தாண்டி ஒரு வளைவில், மழையில், ஒரு புதன்கிழமை, எதிரே வந்த வண்டி இவர் பக்கம் வந்துவிட்டது. அடக்கத்துக்கு அந்தக் கூட்டாளி வந்திருந்தார். என்னிடம் என்ன பேசுவது என்று தெரியாமல், தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே சொன்னார்:

“ஞாயித்துக்கெழம மத்தியானமானா போதும் தங்கச்சி. எங்க இருந்தாலும் ஓரங்கட்டிருவாரு. லோரிக்கு அடியில பாய விரிச்சுப் படுத்துருவாரு. சூப்பர்வைசர் கத்திப் பாத்தான், கேக்கல. ‘எங்க சபை இப்பப் படுத்திருக்கும்டா’ன்னு சொல்வாரு. எங்களுக்கு ஒண்ணும் புரியாது, சிரிப்போம்.”

அந்த அடக்கத்தில் நான் சிரித்தேன். மீன்காரக்கா பயந்துபோய் என் தோளைப் பிடித்தாள்.

கொப்பரைக் கோயில் இப்போது இல்லை. தோட்டம் வீடுகளாகிவிட்டது. நான் போகிற சபையில் குளிர்சாதனம் உண்டு, பாட்டு திரையில் ஓடும், ஆசீர்வாதம் முடிவதற்குள் கார்ச் சாவிகள் கையில் வந்துவிடும். ஒரு கல்யாணம், ஒரு பேரங்காடி, ஒரு டியூஷன். யாரையும் சொல்லவில்லை, நானும் அந்த வரிசையில் ஓடியிருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும், மத்தியானச் சோறு முடிந்ததும், தொலைபேசியை அணைத்துவிட்டுத் தரையில் படுக்கிறேன். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்துக்கொள்கிறேன். தூக்கம் பெரும்பாலும் வருவதில்லை. வேறொருவருடைய மூச்சு இல்லாமல் எனக்கு அது வராது போலிருக்கிறது. அந்தத் தரை வேண்டும். பஸ்ஸைப் போகவிட்டுக் கிடந்த அந்தச் சபை வேண்டும். ஆராதனை என்றால் என்னவென்று யாராவது கேட்டால், எனக்கு அந்த ஹாரன்தான் கேட்கிறது. அதற்கு அசையாத உடம்புகள் தெரிகின்றன.

இனி பஸ் நிலையம்.

கோலசிலாங்கூர், அவர் பாசிர் கூடாங்குக்குக் கிளம்பின திங்கட்கிழமை காலை. பஸ் நிலையத்துக்கு எதிரே, ‘நானா’ என்று எல்லோரும் கூப்பிடுகிறவரின் சாப்பாட்டுக் கடை. கடலோர ஊரிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குக் கதவைப் பாதி இறக்கிவிட்டுப் போவார்கள். எவ்வளவு கூட்டம் நின்றாலும் சரி. இவருக்குத் தேத்தண்ணி கலக்கியபடி, “பாசிர் கூடாங்கா? அங்க வாரத்துக்கு எட்டு நாள் வேலவாங்குவான்யா” என்றார் நானா.

“ஒரு நாள நான் எடுத்துக்குவேன் நானா. மிச்சம் ஏழு அவனுக்கு” என்றார் இவர்.

பஸ் வந்தது. ஏறி, சன்னலோர இடம் பிடித்து, கண்ணாடியைத் தள்ளித் தலையை நீட்டினார். நான் கீழே நின்றேன். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருந்தேன்.

“சும்மா நில்லு புள்ள. எனக்கே தல சுத்துது.”

“நிக்கிறேன்.”

“ஞாயித்துக்கெழம, பாட்டு முடிஞ்சு, சோறு முடிஞ்சு, பாய விரிப்பீங்கல்ல. அந்த நேரத்துக்கு நான் எங்க இருந்தாலும் லோரிய ஓரங்கட்டிருவேன். கேக்குதா?”

“கம்பெனி விடுமா?”

“விடலேன்னா சாவியப் புடுங்கட்டும். நமக்குப் பழக்கந்தானே.”

எஞ்சின் உறுமியது. பஸ் ஒருமுறை குலுங்கி நின்றது. நான் சன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் தன் கையை என் கைமேல் வைத்தார்.

“நீயும் தூங்கணும். கண்ண மூடிக்கிட்டு ஏமாத்துறியே, அது எனக்குத் தெரியும்.”

“உங்க பாய என்ன பண்ண?”

பஸ் நகர்ந்தது. கை நழுவியது. நான் கூடவே நடந்தேன். அவர் கழுத்தை நன்றாக வெளியே நீட்டி, அந்தக் கட்டைக் குரலில், நானா கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்:

“விரிச்சே வை புள்ள. சன்னலோரமா.”